வீட்டு நிருபர்

எங்கள் தெருவில் அவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை இப்போது அவரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு பத்திரிகைக்காரர், இந்த மனிதர் ஒரு முன்கள வீரரைப் பிடித்துக்கொண்டால் பூட்டுப் போட்டதுபோலத்தான், ஆட்டம் முடிகிறவரை அவன் அசைய முடியாது என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரியிலேயே மனிதர் வாழ்நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிய தடுப்பாட்டக்காரர். ஊரின் பெரிய கிளப்பில் கோல்போஸ்டுக்கு முன்னால் நின்றவர். நாட்டு அணிக்குக் கூப்பிடுவார்கள் என்று பல வருஷம் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் அரசியல் என்பார். எத்தனை கோல் போட்டீர்கள் என்று விவரம் தெரியாத யாராவது கேட்டால், "கோல் போடறது என் வேலை இல்லப்பா" என்பார். சொந்த போஸ்டுக்குள் போட்டவற்றைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

எனக்கு அவர் வீட்டுக்கு எதிர்க்கடை. செருப்பு தைப்பேன், பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றுவேன். ஒரு காலத்தில் கிளப் ஆட்டக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஓடுகிறவனுடைய பூட்ஸ் விரல் பக்கம் தேயும். இவருடையது குதிகாலில் தேய்ந்து வரும். நின்ற இடத்திலேயே நின்று பின்னால் சாய்கிறவருக்குத்தான் அப்படித் தேயும். கால் வேகம் கிடையாது, உயரம் சுமார், தலையால் முட்டினால் பந்து எந்தத் திக்கில் போகும் என்று அவருக்கே தெரியாது. அப்படியிருந்தும் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் இவர் பக்கத்தில் வந்ததும் கைகால் ஓடாமல் நின்றார்கள். அது என்ன மாயம் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

அந்த வீட்டில் வேலை செய்கிற ஆள் அவர் மனைவி. தையல்காரம்மா என்றால் ஊருக்கே தெரியும். தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. சன்னலோரம் கால்மிஷின், நடுவில் துணி வெட்டுகிற மேசை, மூலையில் திரை மறைத்து ஆளுயரக் கண்ணாடி. விடிவதற்கு முன்பே வெட்ட ஆரம்பித்துவிடுவார். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துக்கொண்டு மேசையில் ஒட்டும். ஒவ்வொன்றையும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துத்தான் சாக்பீஸ் கோடு போட வேண்டும். பூட்டு எழுந்து வந்து டீ கேட்கிற நேரத்துக்கு இரண்டு உடுப்பு உருவாகி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆட்டக்காரர்களின் மனைவிமார் எல்லோரும் அவரிடம்தான் தைத்தார்கள். எங்கள் கிளப், எதிர் கிளப் என்று பேதமில்லை. கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி, இப்படித்தான் அந்த அம்மாள் நிற்பார். வாயில் குண்டூசி இருக்கிறவர் குறுக்கே பேச மாட்டார் என்பதாலோ என்னவோ, வந்தவர்கள் எல்லாம் மனசைக் கொட்டிவிட்டுப் போனார்கள். குடி, மாமியார், சண்டை, நோய், எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால்தான். அங்கே சொன்னது வெளியே வராது. என்னைப் பற்றி என் மனைவி அங்கே வைத்த புகார்களில் ஒன்றுகூட இதுவரை என் காதுக்குத் திரும்பி வந்ததில்லை.

ஒரே ஒருவரிடம் மட்டும் அவர் சொல்வார். கட்டிய புருஷனிடம். அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

"ஊர்ல எந்த ஆம்பள, கடையில இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பொண்டாட்டிகிட்டக் கேக்கறான்? இவர் கேப்பாரு. கை காஞ்சு போனாக்கூட எழுந்திரிக்க மாட்டாரு. முழுசாக் கேட்டுட்டுத்தான் கழுவுவாரு" என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு என் மனைவி பல வருஷம் என் மண்டையை உருட்டினாள். நீயும் இருக்கிறாயே, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாயே என்று.

உள்ளூர் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. கூப்பிட ஆள் தீர்ந்துபோனதும் பூட்டைக் கூப்பிட்டார்கள். அதற்கு அவர் புதுச்சட்டை தைத்துக்கொண்டார். வானொலியில் சட்டை தெரியாது என்று சொல்லி அவர் மனசைப் புண்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. தையல்காரம்மா காலர் வைத்து, காஜா எடுத்து, தேய்த்துப் போட்டு அனுப்பினார்.

அன்று நல்ல மழை. கடையில் வானொலிப் பெட்டியை மேசைமேல் வைத்து, தெரிந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார் அந்த அம்மாள். பழைய கோல்கீப்பரின் மனைவி, கிளப் டாக்டரின் மனைவி, என் மனைவி, இன்னும் சிலர். டீயும் கேக்கும் வைத்திருந்தார். நானும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் போனது. பூட்டு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டார். நிகழ்ச்சி நடத்துகிறவருக்குக் கொட்டாவி வந்திருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. "சார், பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் உங்ககிட்ட வந்து மாட்டினாங்களே, அந்த ரகசியத்தை இன்னைக்காவது சொல்லுங்க" என்றார்.

"எல்லாரும் ஆட்டம் கால்ல இருக்குன்னு நெனக்கறாங்க. ஆட்டம் காதுல இருக்கு சார்."

"காதுலயா?"

"கார்னர் கிக் வரும் பாருங்க, அப்ப எல்லாரும் ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டு நிப்பான். பந்து வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நான் அந்த நேரத்துல அவன் காதுகிட்டப் போயிடுவேன். 'உன் தம்பி வீட்டை விட்டு ஓடிட்டானாமே?' 'மாமனார் உன்னை வீட்டுப்படி ஏறக் கூடாதுன்னுட்டாராமே?' அவ்வளவுதான். ஆளு ஆடிப் போயிடுவான். பந்து தலைக்கு மேல போகும், பாத்துக்கிட்டே நிப்பான்."

நிகழ்ச்சிக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. "அப்ப அந்த ஃபைனல்? எதிர் கிளப் இடதுகால்காரர் உங்களை அடிச்சுட்டு வெளியில போனாரே?"

அந்த ஃபைனலை ஊரில் மறந்தவர் கிடையாது. இடதுகால்காரர் அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். நாட்டு அணிக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவர் ஃபைனலில் ஒரு கார்னர் கிக்கின்போது காரணமே இல்லாமல் திரும்பிப் பூட்டின் முகத்தில் ஒரு குத்து விட்டார். சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். கோப்பை போயிற்று, நாட்டு அணியும் போயிற்று. ஏன் அடித்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறார்.

"பேர் எல்லாம் வேணாம் சார், அது நாகரிகம் இல்ல" என்றார் பூட்டு. "அவன் பயிற்சி முகாம்லேர்ந்து நேரா ஆட வந்தான். வீட்டுல நடந்தது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 'புள்ள தங்கலையாமே, உங்கிட்ட யாரும் சொல்லலையா?'ன்னு கேட்டேன். ஒரே கேள்வி. கோப்பை எங்களுக்கு."

நிகழ்ச்சிக்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"வீட்டுலயே நிருபர் வெச்சிருந்தேன். என் வீட்டம்மாதான். ஊர்ல இருக்கற ஆட்டக்காரன் பொண்டாட்டிங்க எல்லாம் அவகிட்டத்தான் துணி தைக்கக் குடுப்பாங்க. அங்க எல்லாத்தையும் கக்கிட்டுப் போவாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு எனக்குச் செய்தி சுடச்சுட வந்துடும்."

தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஊசிக்கடியில் துணி இல்லை. கோல்கீப்பரின் மனைவி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "மழை விட்ட மாதிரி இருக்கு, நான் கிளம்பறேன்" என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் அதையே சொல்லிவிட்டு ஒருவர் பின் ஒருவராக நனைந்துகொண்டு போனார்கள். கேக் அப்படியே இருந்தது.

மத்தியானம் பூட்டு வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படியொரு களை. கதவு திறந்துதான் இருந்தது. நடந்த பேச்சை நான் கடையிலிருந்தே கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அந்தப் புள்ள விஷயத்தை அந்தாளுகிட்டப் போய்ச் சொன்னீங்களா?"

"ஆமா. அதானே ஆட்டத்தையே மாத்துச்சு."

"அன்னைக்கு நான் அழுதுக்கிட்டே சொன்னேங்க."

"அழுதியா? அது ஞாபகம் இல்ல. நீ சொன்னது ஞாபகம் இருக்கு."

"எதுக்குங்க சொன்னீங்க?"

"ஜெயிக்கறதுக்கு. பின்ன எதுக்கு? கோப்பையோட நீயும்தானே நின்னு படம் எடுத்துக்கிட்ட."

பிறகு அந்த அம்மாள், "என்னைப் போய் நிருபர்னு சொல்லிட்டீங்களே" என்றார்.

"பெருமையாத்தானே சொன்னேன். எவன் ரேடியோவுல பொண்டாட்டியைப் பத்திப் பேசறான்? சொல்லு பாப்போம்."

"நான் உங்ககிட்டச் சொன்னேன். ஊர்கிட்டச் சொல்லல."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி ரகசியம்" என்றார் மனிதர். அதோடு, சாப்பிட என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பெண்கள் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அந்த அம்மாள் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். ஒருவர் அவசரமாக ஊருக்குப் போவதாகச் சொன்னார். இன்னொருவர் துணி பிடிக்கவில்லை, வாங்கின கடையிலேயே மாற்றப் போகிறேன் என்றார். வெட்டிவைத்த துணியை எந்தக் கடையில் மாற்றுவார்கள்? தையல்காரம்மா எதுவும் கேட்காமல் ஒவ்வொன்றையும் மடித்து, வெட்டின துண்டுகளைக்கூட விடாமல் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். கூடவே, "நான் சத்தியமா..." என்று ஆரம்பிப்பார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். என் மனைவி ஒருத்திதான் வழக்கம்போலப் போய்க் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தாள். ஓரம் தைக்கவும் காஜா எடுக்கவும் பெரிதாக எதுவும் இல்லை. அந்த அம்மாளைச் சும்மா உட்கார்ந்திருக்க விடக் கூடாது என்று போனாள். இனி நான் சொல்வதில் பாதி அவள் சொன்னது.

இடதுகால்காரரின் மனைவி வந்ததும் ஒரு மழைநாளில்தான். இத்தனை வருஷமும் வேறு எங்கேயும் தைக்காதவர். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக்காலோடு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார்.

"அக்கா, எனக்கு வேற எதுவும் வேணாம். உங்க வீட்டுக்காரர் வெளியில போய்ச் சொல்வாருன்னு தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரியாதும்மா."

"முகாம்லேர்ந்து ஆட்டத்துக்குப் போயிட்டு அவர் வீட்டுக்கு வந்தாரு பாருங்க, அன்னைக்குக் கேட்டது ஒரே கேள்விதான். அவனுக்கு எப்படித் தெரியும்? புள்ள எப்படிப் போச்சுன்னு கேக்கல, நீ எப்படி இருக்கேன்னு கேக்கல. அவனுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலன்னு சத்தியம் பண்ணேன். உங்ககிட்டச் சொன்னது எனக்குத் தோணவே இல்லக்கா. வயித்துக்கு விட்டுத் தைச்ச கவுனை மறுபடியும் பிடிச்சுத் தைக்கக் கொண்டுவந்தேன், நீங்க என்னைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. உங்ககிட்டச் சொன்னதை நான் ஒருத்தர்கிட்டச் சொன்னதாவே நெனக்கல."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எதுக்கு வந்து கேக்கணும்? உங்க மேல சந்தேகம் இருந்தாத்தானே."

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"அவர் சந்தேகப்பட்டது என்னை. எனக்கும் அந்தாளுக்கும் என்னமோ இருக்குன்னு. வாயால ஒரு நாளும் சொன்னது கிடையாது. தட்டுல சோத்தைப் போட்டா என் முகத்தைப் பாக்க மாட்டாரு. சாமான் கேட்டா சுவத்தைப் பாத்துக் கேப்பாரு. இத்தனை வருஷமா." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் யாரோட? போயும் போயும் இந்தாளோட."

"இப்பத்தான் ரேடியோவுலயே சொல்லிட்டாரே, உன் மேல இருந்தது போயிருக்குமே" என்று என் மனைவி கேட்டாள்.

"என் மேல இருந்தது போச்சு. இப்ப அக்கா மேல வந்துடுச்சு. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து செஞ்ச வேலைங்கறாரு. அவளும் கூட்டுன்னு அவனே சொல்றானேங்கறாரு. நீ இன்னும் அவகிட்டப் போய் நிக்கறியே, உனக்கு வெக்கம் இல்லையாங்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் உங்களை நம்பறேன்க்கா. நான் நம்பி என்ன ஆகப் போகுது? ஊரே அந்தாளு வாயால கேட்டுது. நீங்க வீடு வீடாப் போய்ச் சொன்னாலும் எவ நம்புவா?" என்றார்.

தைக்கக் கொடுத்திருந்த நீலத்துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு தையல்காரம்மா மேசையில் கிடந்த நூல் குப்பையை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார் என்றாள் என் மனைவி.

இதற்கிடையில் வானொலி நிலையத்துக்கு நிறைய பேர் போன் செய்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் திட்டினார்கள். நிலையத்தாருக்கு அது ஒரு பொருட்டில்லை. மணி அடித்தால் சரி. இன்னொரு நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று பூட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "பாத்தியா, மக்கள் இன்னும் மறக்கல" என்றார். மறக்கவில்லைதான். மனைவியின் கடை காலியாகக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. மிஷின் சத்தம் இல்லாததால் மத்தியானம் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றுகூடச் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. கையில் சரக்கு இல்லை. யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அடுத்தவர் துக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்தா? ஆட்டம் முடிந்தால் வேலை முடிந்தது.

ஆகவே மனைவியிடமே வந்தார். என் மனைவி அப்போது சன்னலோரம் உட்கார்ந்து, என் சட்டைக்குத்தான், பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த கோல்கீப்பர் பொண்டாட்டி என்னமோ சொல்லி அழுதாளே, என்னது அது?"

"தெரியாது."

"தெரியாதாவது. நீதானே சொன்ன. அவன் அப்பன் விஷயமா, அண்ணன் விஷயமா?"

"தெரியாதுங்க."

"சரி, அது வேணாம். வேற ஏதாவது சொல்லு. நல்லதா ஒன்னு. ரேடியோக்காரன் எதிர்பாத்துக்கிட்டு இருக்கான். போன தடவை மாதிரி சும்மா கும்முனு இருக்கணும்."

தையல்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைத் தன்னால் மறக்க முடியாது என்றாள் என் மனைவி. கோபமாகக்கூட இல்லையாம், துணி எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிற பார்வையாம். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றார்.

பூட்டு உட்கார்ந்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் உட்காருகிற அதே மாதிரி.

"ஒருத்தி இருந்தா. அவ புருஷனும் ஆட்டக்காரன்தான்."

"எந்த கிளப்?"

"குறுக்கப் பேசாம கேளுங்க. தினமும் ராத்திரி சாப்பாட்டுல உக்காந்து, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவகிட்டக் கேப்பானாம். அவ பாத்தது, கேட்டது, அவகிட்ட நாலு பேர் நம்பிச் சொன்னது, எல்லாத்தையும் ஒன்னு விடாம சொல்லுவாளாம். அவளுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். நம்ம பேச்சையும் ஒரு மனுஷன் உக்காந்து கேக்கறானே, நம்ம மேல இவனுக்கு எவ்வளவு ஆசைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா."

"அப்புறம்?"

"அவன் அதையெல்லாம் வெளியில எடுத்துக்கிட்டுப் போய் ஜனங்களைக் குத்தறதுக்கு வெச்சுக்கிட்டு இருந்தான். அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ சோத்தைப் போட்டு, விஷயத்தையும் போட்டு, அவன் கையில கத்தியைக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு நாள் அவன் வாயாலயே எல்லாம் வெளியில வந்துடுச்சு. அவளும் கூட்டுன்னு ஊரே நெனச்சுது. அவகிட்ட நம்பிச் சொன்னவங்க யாரும் அவ வாசலை மிதிக்கல."

பூட்டு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரியான முட்டாள் பொம்பள. தினமும் புருஷன் எதுக்குக் கேக்கறான்னுகூடவா தெரியாது?"

"தெரியல. அவ்வளவு முட்டாள்."

"பிரமாதம். அழ வெச்சு சிரிக்க வைக்கலாம் இதை. யாரு அது?"

"பேர் சொல்ல மாட்டேன்."

"பரவால்ல, பேர் இல்லாமலே சொல்லிடறேன். ஒரு தடவை மறுபடியும் சொல்லு, மறந்துடப் போறேன்."

அந்த அம்மாள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். என் மனைவி ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். என் சட்டைக் கையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா வானொலியைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. பூட்டின் பேச்சைக் கேட்டுத் திட்டுவதற்காகவே எல்லோரும் போட்டிருந்தார்கள். நான் கடையில் ஒரு பூட்ஸுக்குப் பசை தடவியபடி கேட்டேன்.

மனிதர் குறை வைக்கவில்லை. இரண்டு முறை பாடம் கேட்டது வீண்போகவில்லை. பெண்குரலில் கொஞ்சம் பேசிக்கூடக் காட்டினார். 'நம்ம மேல இவனுக்கு எவ்வளவு ஆசை' என்ற இடத்தில் குழைந்து, இழுத்து, ஒரு பெருமூச்சும் விட்டார். நிகழ்ச்சி நடத்துகிறவர் ஆரம்பத்தில் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தார். போகப் போக அந்தச் சத்தமும் நின்றுபோனது.

"சார்" என்றார் கடைசியில், மெதுவாக. "அந்தம்மாவுக்கு நிஜமாவே எதுவும் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது சார். அப்பாவி. புருஷன் ஆசையாக் கேக்கறான்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கா."

"யாரு சார் அந்த ஆட்டக்காரர்?"

"எனக்கே தெரியாது சார். என் வீட்டம்மா, அவன் பேரை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டா. இந்த மாதிரி விஷயத்துல அவ ரொம்பக் கறார். எப்படிப் புரண்டு புரண்டு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டா." ஒரு சிரிப்பு. "ஆனா ஆளு கெட்டிக்காரன். என்னை மாதிரியே இன்னொருத்தன் இருந்திருக்கான் பாருங்க."

நிகழ்ச்சிக்காரர் பாட்டுப் போட்டுவிட்டார். தெருவில் யாரோ ஒருவர் உரக்கச் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே பார்த்தேன். கடைக்கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லா வீட்டுப் பெட்டிகளிலிருந்தும் புருஷன் குரலில் அந்தக் கதை அவர் காதிலும் விழுந்திருக்கும். சொல்லிக் கொடுத்தது அவரேதான் என்றாலும், அந்தப் பெருமூச்சு அவர் சொன்னதில் இல்லை. அது பூட்டு சொந்தமாகச் சேர்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பசை தடவினேன்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. தெருவில் எல்லோரும் மெத்தை, தலையணை என்று காயப் போட்டிருந்தார்கள். இடதுகால்காரரும் மனைவியும் சேர்ந்து நடந்து வந்தார்கள். மனைவியின் கையில் நீலத்துணி. இடதுகால்காரர் மனைவியிடம் ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு மனைவி தையல் கடைக்குள் போக, இவர் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்து, போட்டிருந்த செருப்பில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். அதில் தைக்க எதுவும் இல்லை. நான் வாங்கி வைத்துக்கொண்டு முக்காலியைக் காட்டினேன்.

பூட்டு அப்போது உள்ளேதான் இருந்திருக்கிறார். "வெளியில போய் உக்காருங்க" என்று தையல்காரம்மா சொல்வது கேட்டது.

"ஏன், நான் இருந்தா என்ன?"

"அளவு எடுக்கணும். போங்க."

வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் வந்தது. அந்தக் கதவு பகலில் மூடி நான் பார்த்ததில்லை. மனிதர் வெயிலில் கொஞ்சம் நின்றுவிட்டு, கால் மாற்றிக் கால் வைத்து என் கடைக்கு வந்தார். இடதுகால்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வெட்கம் என்பதைக் கடவுள் அவருக்கு வைக்க மறந்துவிட்டார்.

"என்னப்பா, எப்படி இருக்க? பழசெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு இருக்கியா? ஆட்டம்னா ஆயிரம் இருக்கும்."

இடதுகால்காரர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சுத்தியலை எடுத்துக் கைக்கு எட்டாத பக்கம் வைத்தேன்.

"ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன்."

"அந்தக் கடைசிக் கதை எப்படி? ஊரே அதைத்தான் பேசுதாம். என்னைப் பாத்தா எல்லாரும் ஒரு மாதிரியா நிக்கறாங்க, அவ்வளவு பாதிச்சுடுச்சு போல." முக்காலியில் பாதி இடத்தைப் பிடித்து உட்கார்ந்தார். "ஒன்னு மட்டும் மண்டையைக் குடையுது. அந்தப் புருஷன் யாரா இருப்பான்? நீ எல்லா கிளப்லயும் ஆடினவன். உனக்குத் தெரியாம இருக்காது."

"தெரியும்."

"யாரு?"

இடதுகால்காரர் என் கையிலிருந்து செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு எழுந்தார். "சொன்னா நீங்க ரேடியோவுல போய்ச் சொல்லிடுவீங்க" என்றார்.

அவர் மனைவி வெளியே வந்துகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, கையில் துணி இல்லை. இருவரும் தெருமுனைவரை பேசிக்கொண்டே போனதைப் பார்த்தேன். பூட்டும் பார்த்தார். "அவனுக்கு இன்னும் அந்தத் தோல்வி ஆறல" என்றார் என்னிடம். எங்கள் தெருவில் அவருக்கு அந்தப் புருஷனின் பெயரைச் சொல்ல இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. சொல்லிப் புரியவைக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

எழுந்து வீட்டுக்குப் போனார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மறுபடியும் தள்ளிவிட்டு, கையால் தட்டினார்.

"ஏம்மா, அவங்கதான் போயாச்சே. உள்ள யாரும் இல்ல, எதுக்குத் தாழ்ப்பாள்?"

"நான் இருக்கேன்" என்றார் தையல்காரம்மா உள்ளேயிருந்து.

மிஷின் ஓட ஆரம்பித்தது. பூட்டு கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வெயில் படாத பக்கமாகப் படியில் உட்கார்ந்தார்.